யாருடைய மகன்? நார்வே அரசர் நான்காம் ஹோக்கோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்காம் ஹோக்கோன் யார்? வைக்கிங் அரசரா?

இல்லை. வைக்கிங் காலம் முடிந்து ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகு, 1204இல் பிறந்தவர். 1217இல் பதின்மூன்று வயதில் பட்டம் ஏற்று, 1263இல் இறக்கும்வரை 46 ஆண்டுகள் நார்வேயை ஆண்டார். முழுப்பெயர் ஹோக்கோன் ஹோக்கோன்சன், அதாவது ஹோக்கோனின் மகன் ஹோக்கோன். ஹாக்கோன், ஹாகன் என்றும் இந்தப் பெயரை எழுதுவார்கள்.

அந்த ‘மகன்’ என்ற சொல்தான் அவருடைய வாழ்க்கை முழுவதையும் ஆட்டிப்படைத்தது. அன்றைய நார்வேயில் அரசனுக்குப் பிறந்த ஆண் எவனும், பட்டத்தரசிக்குப் பிறந்தாலும் ஊர்ப்பெண்ணுக்குப் பிறந்தாலும், பட்டம் கேட்கலாம். அதனால் 1130இல் மூண்ட பங்காளிச் சண்டை மூன்று தலைமுறைகளுக்கு மேல் ஓயவில்லை. ஹோக்கோன் வாகை சூடிய போர்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. ‘நீ யாருடைய மகன்?’ என்ற கேள்வியால் நாடு இனி எரியக்கூடாது என்று அவர் செய்த வேலையைத்தான் மதிக்கிறேன்.

பனிச்சறுக்கில் இரண்டு வீரர்கள் தூக்கிச் சென்ற குழந்தை இவர்தானா?

இவரேதான். நார்வேயில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை அது.

தந்தை மூன்றாம் ஹோக்கோன் 1204 ஜனவரி முதல் நாள் இறந்துபோனார். மாற்றாந்தாயான சுவீடன் நாட்டு மார்கரெத்தா நஞ்சு வைத்தார் என்று அப்போதே பேச்சு கிளம்பியது. இறந்த அரசருக்கு முறைப்படி மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆனால் முந்தைய இலையுதிர் காலத்தில் நாட்டின் தென்கிழக்கே தங்கியிருந்தபோது வார்தெய்க் ஊரைச் சேர்ந்த இங்கா என்ற பெண்ணோடு பழகியிருந்தார். இங்காவுக்கு அந்தக் கோடையில் ஆண் குழந்தை பிறந்தது.

பிறந்த இடமே ஆபத்தான இடம். தென்கிழக்கு முழுவதும் எதிர்க்கட்சியான பாக்லர்களின் கையில் இருந்தது. த்ரோண்ட் என்ற பாதிரியார் இரவோடு இரவாக ஞானஸ்நானம் கொடுத்து, தந்தையின் பெயரையே வைத்து, குழந்தையைத் தன் வீட்டில் மறைத்து வளர்த்தார். வீட்டார் சிலருக்கு மட்டுமே விஷயம் தெரியும். ஒன்றரை வயதானபோது இனி ஒளித்துவைக்க முடியாது என்று வடக்கே, நிடாரோஸ் நகருக்கு அனுப்பத் துணிந்தார்கள். இன்றைய த்ரோண்ட்ஹைம்தான் அது. தாயும் பிள்ளையும் 1205 கிறிஸ்துமஸை லில்லஹாமர் அருகே ஒரு பண்ணையில் பதுங்கிக் கழித்தார்கள். பண்டிகை முடிந்ததும் புறப்பட்டபோது வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. கூட்டமாகப் போனால் யாரும் கரைசேர முடியாது என்றானதும், கூட வந்தவர்களில் சறுக்குப் பலகையில் கைதேர்ந்த இருவர் குழந்தையை வாங்கிக்கொண்டு மலையேறினார்கள். தோர்ஸ்டைன் ஸ்கெவ்லா, ஷெர்வால்ட் ஸ்க்ருக்கா என்பவை அவர்களின் பெயர்கள்.

வழி தவறி, ஆளில்லாத ஒரு கொட்டிலில் இரவு தங்கினார்கள். குழந்தைக்குக் கொடுக்கக் கையில் எதுவும் இல்லை. பனியை உருக்கி அதன் வாயில் விட்டார்கள். மன்னர் குலத்தின் கடைசிக் கொழுந்து என்று அந்த இருவர் நம்பிய பிள்ளைக்கு அன்று கிடைத்த உணவு பனித்தண்ணீர் மட்டுமே.

பிறகு கிழக்குப் பள்ளத்தாக்கில் இறங்கி, குடியானவர்களின் உதவியோடு நிடாரோஸ் போய்ச் சேர்ந்தார்கள். இந்தப் பயணத்தின் நினைவாக 1932 முதல் ரேனாவுக்கும் லில்லஹாமருக்கும் இடையே 54 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி நடக்கிறது. ஒவ்வொருவரும் முதுகில் 3.5 கிலோ மூட்டையைச் சுமந்தே ஓடவேண்டும் என்பது விதி. அந்த மூட்டைதான் குழந்தை.

பிர்க்கெபைனர் என்று சொல்கிறார்களே, அது என்ன?

‘பூர்ச்சமரக் கால்காரர்கள்’ என்று பொருள். ஹோக்கோனின் பாட்டனார் ஸ்வெர்ரேயை அரசனாக்கிய கட்சி இது. தொடக்கத்தில் காட்டில் அலைந்த பரம ஏழைகள். செருப்பு வாங்க வழியில்லாமல் காலில் பூர்ச்சமரப் பட்டையைச் சுற்றிக்கொண்டார்கள் என்று எதிரிகள் பழித்த பெயரையே பெருமையாக ஏற்றுக்கொண்டார்கள். எதிரிகளான பாக்லர்கள் ஆயர்களின் பக்கம் நின்றவர்கள். ஆயர் ஏந்தும் செங்கோலைக் குறிக்கும் சொல்லிலிருந்து அவர்களின் பெயர் வந்தது.

சிறுவயதில் எப்படி வளர்ந்தார்?

பிர்க்கெபைனர் படையினரின் நடுவில், அவர்களின் செல்லப்பிள்ளையாக. அப்போது அரசர் இங்கே போர்ட்சன். ஸ்வெர்ரேயின் சகோதரி மகன். அவர் சிறுவனை ஏற்றுக்கொண்டார். நிகழ்ச்சி ஒன்றைச் சாகா சொல்கிறது. (ஐஸ்லாந்தில் உரைநடையில் எழுதப்பட்ட வரலாற்றுக் கதைக்குச் சாகா என்று பெயர்.) கடுங்குளிரில் வெண்ணெய் கல்லாக உறைந்துவிட்டது. ரொட்டியின்மேல் தடவ முடியாமல் வீரர்கள் ஒருவாய் ரொட்டியும் ஒருவாய் வெண்ணெயுமாகக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிள்ளை மெல்லிய ரொட்டியை எடுத்து வெண்ணெய்க் கட்டியைச் சுற்றி மடித்து, ‘வெண்ணெயைக் கட்டிப்போடுவோம், பிர்க்கெபைனர்களே!’ என்றது. அந்த வாக்கியம் படையில் ஒரு சொலவடையாகவே நிலைத்துவிட்டது.

அவருடைய தாய் பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தியது உண்மையா? ஏன்?

உண்மை. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதியும் இதுதான்.

1217இல் அரசர் இங்கே இறந்ததும் பிர்க்கெபைனர் வீரர்கள் ஹோக்கோனுக்குப் பட்டம் கட்டினார்கள். ஆனால் இறந்த அரசரின் தம்பி ஸ்கூலே போர்ட்சனுக்கும் அந்த நாற்காலியின்மேல் கண் இருந்தது. பேராயர் குத்தோர்மும் தயங்கினார். ‘இவன் மூன்றாம் ஹோக்கோனின் மகன்தான் என்பதற்குச் சாட்சி என்ன?’ என்று கேட்டார்கள். தந்தை, பிள்ளை பிறப்பதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டார். மிஞ்சிய சாட்சி தாய் ஒருத்திதான். அவளுடைய சொல்லை அவளுடைய கையைக் கொண்டு சோதிப்பது என்று முடிவாயிற்று.

1218இல் பெர்கன் நகரில் அது நடந்தது. இங்கா கோயிலுக்குள் நோன்பிருந்தாள். சோதனைக்கு முன்னால் ஸ்கூலேயின் ஆள் ஒருவன் அரசர் தரப்பைச் சேர்ந்த தாக்ஃபின் என்பவரிடம் ரகசியமாக வந்து, கையைச் சட்டென்று ஆற்றிவிடும் பச்சிலை தருவதாகச் சொன்னான். வாங்கியிருந்தால் ‘மோசடி’ என்று மறுநாளே ஊரைக் கூட்டியிருப்பார்கள். தாக்ஃபின் அந்த வலையில் விழவில்லை. இங்கா இரும்பை ஏந்தினாள். வழக்கப்படி கையைத் துணியால் சுற்றி முத்திரை வைத்தார்கள். குறித்த நாளில் கட்டை அவிழ்த்தபோது கை சுத்தமாக இருந்தது. முன்பைவிட அழகாக இருந்தது என்று நண்பரும் பகைவரும் ஒப்புக்கொண்டதாகச் சாகா எழுதுகிறது.

எப்படி நடந்தது என்று நான் வாதாடப் போவதில்லை. மகன் அரசனாகிவிட்டான், இருந்தும் அவன் அரசன் மகன் என்று நிரூபிக்க ஒரு கிராமத்துப் பெண் ஊர் பார்க்கச் சுட்ட இரும்பைத் தூக்கவேண்டியிருந்தது. பதினான்கு வயதுப் பையன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதோடு சந்தேகம் தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை. 1223இல் பெர்கனில் ஆயர்களும் பிரபுக்களும் சட்டம் அறிந்தவர்களும் கூடி, பட்டம் கேட்ட எல்லோருடைய வழக்கையும் கேட்டார்கள். தீர்ப்பு ஹோக்கோனுக்குச் சாதகமாக வந்தது. ஸ்கூலேக்கு நாட்டில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. 1225இல் ஸ்கூலேயின் மகள் மார்கரெத்தேயை ஹோக்கோன் மணந்தார். பகையை உறவாக்கும் கல்யாணம்.

மாமனாரும் மருமகனும் ஏன் மோதிக்கொண்டார்கள்?

ஸ்கூலேக்கு எல்லாம் கிடைத்தன, அரசன் என்ற பெயரைத் தவிர. 1237இல் நார்வேயில் முதன்முதலாக ‘ஹெர்த்துக்’, அதாவது கோமகன் என்ற பட்டமும் அவருக்குத் தரப்பட்டது. அதுவும் போதவில்லை. 1239 நவம்பரில் நிடாரோஸ் அருகே, அரசர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘ஊரே’ என்ற மன்றத்தில் தானே அரசன் என்று அறிவித்துக்கொண்டார்.

செய்தி பெர்கனுக்கு வந்த இரவைச் சாகா விரிவாகச் சொல்கிறது. அரசர் மனைவியின் அறைக்குப் போனார். என்ன செய்தி என்று அவள் கேட்டாள். பெரிதாக ஒன்றும் இல்லை, நாட்டில் இப்போது இரண்டு அரசர்கள் இருக்கிறார்கள் என்றார். உரியவர் ஒருவராகத்தான் இருக்க முடியும், அது நீங்கள்தான் என்றாள் அவள். உன் தந்தைதான் அந்த இரண்டாமவர் என்று சொன்னதும், முடிந்தவரை அதை நம்பாதீர்கள் என்று மன்றாடி, மேற்கொண்டு பேச முடியாமல் அழுதாள். தந்தையின் செயலுக்காக உன்மேல் பழி வராது என்று ஆறுதல் சொன்னார் அரசர். அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்.

1240 ஏப்ரலில் ஒஸ்லோவில் ஸ்கூலேயின் படை தோற்றது. நிடாரோஸுக்கு வெளியே எல்கெசெத்தர் மடத்தில் அவர் தஞ்சம் புகுந்தார். பிர்க்கெபைனர்கள் மடத்துக்குத் தீ வைத்தார்கள். மே 24 அன்று வெளியே வந்த ஸ்கூலே, முகத்தில் வெட்டாதீர்கள், தலைவர்களை அப்படி வெட்டுவது வழக்கமில்லை என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அரசர் அப்போது அங்கே இல்லை. ஆனாலும் கோயில் மண்ணில் தஞ்சமடைந்தவரைக் கொன்ற பழி அவருடைய ஆட்சியின்மேல் படிந்ததுதான். 110 ஆண்டுப் பங்காளிச் சண்டை அந்தக் கொலையோடு ஓய்ந்தது.

ஐஸ்லாந்துப் பெரும் எழுத்தாளர் ஸ்னோர்ரியைக் கொன்றது இவருடைய கட்டளையா?

ஸ்னோர்ரி ஸ்டுர்லுசன் நார்வே அரசர்களின் வரலாற்றையும் வடநாட்டுப் பழங்கதைகளையும் நமக்கு விட்டுச்சென்றவர். அவர் ஸ்கூலேயின் நண்பர். 1239இல் அரசரின் தடையை மீறி ஐஸ்லாந்துக்குக் கப்பலேறினார். அதை ஹோக்கோன் மன்னிக்கவில்லை. அவரை நார்வேக்குத் திருப்பி அனுப்பு, இல்லையேல் கொன்றுவிடு என்று கிஸ்ஸுர் தோர்வால்ட்சன் என்ற ஐஸ்லாந்துத் தலைவருக்கு ஓலை போயிற்று. 1241 செப்டம்பர் 23 அன்று இரவு, ரெய்க்ஹோல்ட்டில் இருந்த வீட்டின் நிலவறையில் கிஸ்ஸுரின் ஆட்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். ‘வெட்டாதீர்கள்’ என்று ஸ்னோர்ரி சொன்னார். வெட்டினார்கள்.

புத்தகங்களை இவ்வளவு நேசித்த ஓர் அரசர்மேல் இந்த ரத்தம் இருக்கிறது. அவரை விரும்பிப் படிக்கிற நான் இதைக் கழுவித் துடைத்துச் சொல்ல மாட்டேன்.

பட்டம் ஏற்று முப்பது ஆண்டுகள் கழித்து ஏன் முடிசூட்டிக்கொண்டார்?

முறைப்படி மணந்தவளுக்குப் பிறக்காதவனுக்குத் திருச்சபை முடிசூட்டாது. போப் நான்காம் இன்னசென்ட் 1246இல் அந்தக் குறையை நீக்கி ஆணை தந்தார். சபீனாவின் கர்தினால் வில்லியம் 1247 ஜூலை 29, புனித ஓலாவ் திருநாளன்று பெர்கனில் முடிசூட்டினார்.

அதே வருகையின்போது கர்தினால் இன்னொன்றும் செய்தார். மனிதர்களின் வழக்குக்குக் கடவுளைச் சாட்சிக்கு இழுப்பது கிறிஸ்தவர்களுக்குத் தகாது என்று சொல்லி, இரும்புச் சோதனையை நார்வேயில் ஒழித்தார். 1218இல் தாய் இரும்பை ஏந்தினாள். 1247இல் மகன் ஆளும் நாட்டில் அந்த இரும்புக்கே இடமில்லாமல் போயிற்று. மணிமுடியைவிட இதைத்தான் அந்த ஆண்டின் பெரிய செய்தி என்பேன்.

1260இல் வந்த வாரிசுச் சட்டம் மீதி வேலையை முடித்தது. அரசரின் முறையான திருமணத்தில் பிறந்த மூத்த மகனுக்கே பட்டம். ஊர்தோறும் ஒரு ‘அரசன் மகன்’ முளைக்கும் காலம் அதோடு போயிற்று. கொலைக்குப் பழியாக, குற்றம் செய்யாத உறவினரைக் கொல்லும் வழக்கத்தையும் அவர் சட்டத்தால் தடுத்தார். அவருடைய மகன் மாக்னுஸ் 1274இல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கொண்டுவந்தார். ‘சட்டம் திருத்தியவர்’ என்ற அடைமொழியே அவருக்கு நிலைத்தது.

லண்டனுக்குப் பனிக்கரடி அனுப்பியவர் இவரா?

ஆம். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றிக்கு அனுப்பினார். 1252இல் லண்டன் கோட்டையில் அதற்குத் தீனிச் செலவாக நாளொன்றுக்கு நான்கு பென்னி ஒதுக்கினார்கள். வாய்ப்பூட்டும் சங்கிலியும் வாங்கினார்கள். தேம்ஸ் ஆற்றில் நீந்தி மீன்பிடிக்க ஏதுவாக நீளக் கயிறும் கட்டினார்கள்.

கரடியும் வேட்டை வல்லூறும் அவருடைய வெளியுறவுக் கொள்கையின் ஒரு பகுதி. 1250இல் லூபெக் நகரத்தோடு வணிக உடன்படிக்கை செய்துகொண்டார். ஜெர்மானிய நகரங்களிலிருந்து வரும் தானியம் நார்வேக்கு உயிர்நாடி. வடகிழக்கே ரஷ்ய நகரமான நோவ்கொரோதோடும் எல்லைப் பூசல் பேசித் தீர்க்கப்பட்டது.

அவருடைய மகள் ஸ்பெயினுக்கு மணமாகிப் போனது எப்படி?

காஸ்டில் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ பெண் கேட்டனுப்பினார். தம்பிகளில் விருப்பமானவரை அவளே தேர்ந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. கிறிஸ்தீனா 1257இல் புறப்பட்டு, இங்கிலாந்து, பிரான்ஸ் வழியாகக் குளிர்காலத்தில் ஸ்பெயின் போய்ச் சேர்ந்தாள். ஃபெலிப்பேயைத் தேர்ந்தெடுத்தாள். 1258இல் திருமணம். நான்கே ஆண்டுகளில், பிள்ளையில்லாமல், 1262இல் இறந்துபோனாள். கோவாருபியாஸ் என்ற சிற்றூரில் அவளுடைய கல்லறை இன்றும் இருக்கிறது. அவளுக்காகப் புனித ஓலாவ் பெயரில் கோயில் எழுப்புவதாகக் கணவர் வாக்களித்திருந்தாராம். அந்த ஊருக்கு வெளியே 2011இல்தான் அப்படி ஒரு கோயில் எழுந்தது.

ஐஸ்லாந்தும் கிரீன்லாந்தும் அவரிடம் எப்படி வந்தன?

போரில்லாமல். 1261இல் கிரீன்லாந்துக் குடியேறிகள் வரி கட்ட ஒப்புக்கொண்டார்கள். தங்களுக்குள் வெட்டிக்கொண்டு ஓய்ந்துபோன ஐஸ்லாந்துத் தலைவர்கள் 1262 முதல் 1264 வரை பகுதி பகுதியாக விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். நார்வேயிலிருந்து கப்பல்கள் வரவேண்டும் என்பதும் அவர்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று. தீவில் கப்பல் கட்ட மரம் இல்லை. அதன் பிறகு ஐஸ்லாந்து 1944 வரை அந்நிய முடியின்கீழ் இருந்தது.

லார்க்ஸ் போரில் தோற்றாரா?

களத்தில் தோற்றார் என்று சொல்ல முடியாது. காலத்திடம் தோற்றார்.

ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகள் 1098 முதல் நார்வே முடிக்கு உரியவை. அவற்றை ஸ்காட்லாந்து அரசர்கள் முதலில் விலைக்குக் கேட்டார்கள், பிறகு மூன்றாம் அலெக்சாந்தரின் காலத்தில் ஸ்கை தீவில் கொள்ளையும் நடந்தது. அறுபது வயதை நெருங்கிய ஹோக்கோன், 1263 கோடையில் தானே படை நடத்திப் புறப்பட்டார். நூற்றிருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள் என்கிறது சாகா. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் நங்கூரமிட்டிருந்தபோது சூரியன் ஒரு வளையமாக மட்டும் தெரிந்த கிரகணம் ஒன்றை எழுதிவைத்திருக்கிறார்கள். வானியலாளர்கள் பின்னோக்கிக் கணித்து, அது 1263 ஆகஸ்ட் 5 என்று சொல்கிறார்கள்.

அவருடைய படையில் ஒரு பிரிவு, கடலிலிருந்து கப்பல்களைத் தரைமேல் இழுத்துக் கொண்டுபோய் லோமண்ட் ஏரியில் இறக்கி உள்நாட்டைச் சூறையாடியது. அலெக்சாந்தரோ அவசரப்படவில்லை. துறவிகளைத் தூது அனுப்பிப் பேச்சை இழுத்துக்கொண்டே போனார். செப்டம்பர் முடிந்தது, புயல் வந்தது. கப்பல்கள் சில லார்க்ஸ் கரையில் ஒதுங்கின. அவற்றை மீட்கப் போனவர்களுக்கும் ஸ்காட்டுகளுக்கும் அக்டோபர் 2 அன்று நடந்த கைகலப்புதான் ‘லார்க்ஸ் போர்’. இரு தரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொண்டன. ஆனால் குளிர்காலத்துக்கு முன்னால் ஹோக்கோன் திரும்பவேண்டியிருந்தது. 1266இல் பெர்த் உடன்படிக்கையில் மகன் மாக்னுஸ் அந்தத் தீவுகளை 4,000 மார்க்குக்கும் ஆண்டுக்கு 100 மார்க்குக்கும் விட்டுக்கொடுத்தார்.

எப்படி இறந்தார்?

ஆர்க்னியின் கிர்க்வாலில், ஆயரின் மாளிகையில் குளிர்காலத்தைக் கழிக்கத் தங்கினார். அங்கே நோயில் விழுந்தார். தொடக்கத்தில் லத்தீன் நூல்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். உடல் தளரத் தளர, லத்தீனின் பொருளைப் பின்தொடர்வதே பாரமாயிற்று. அப்போது தாய்மொழி நூல்களைக் கொண்டுவரச் சொன்னார். இரவும் பகலும் வாசித்தார்கள். முதலில் புனிதர்களின் கதைகள், அவை தீர்ந்ததும் நார்வே அரசர்களின் கதைகள், பழங்காலத்திலிருந்து ஒவ்வொருவராக. கடைசியில் பாட்டனார் ஸ்வெர்ரேயின் சாகா. அது முடிந்தபோது நள்ளிரவை நெருங்கியிருந்தது. சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. 1263 டிசம்பர் 16.

வாழ்நாள் முழுவதும் ‘ஸ்வெர்ரேயின் பேரன்தானா?’ என்று கேட்கப்பட்டவர். அந்தக் கடைசி இரவில் பாட்டனாரின் கதை அவருடைய காதில் விழுந்துகொண்டிருந்தது.

நூல்களில் அவருக்கு அவ்வளவு ஈடுபாடா?

1226இல், அவருக்கு இருபத்திரண்டு வயதாகும்போதே, திரிஸ்தான் காதல் கதை அவருடைய கட்டளையால் பிரெஞ்சிலிருந்து நார்வே மொழிக்கு வந்தது. செய்தவர் ராபர்ட் என்ற துறவி. அதைத் தொடர்ந்து பல பிரெஞ்சுக் கதைகள் வந்தன. அரசவை ஒழுக்கம், வாணிபம், கடல், கிரீன்லாந்துப் பனி, வடதுருவ ஒளி என்று தந்தையும் மகனும் உரையாடும் ‘அரசக் கண்ணாடி’ என்ற நூலும் அவர் காலத்து நார்வேயில் பிறந்ததுதான்.

இவ்வளவும் அரசர் தரப்பு எழுதியதுதானே? எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. ஹோக்கோனின் சாகாவை எழுதச் சொன்னவர் அவருடைய மகன். எழுதியவர் ஐஸ்லாந்துக்காரர் ஸ்டுர்லா தோர்தார்சன், கொல்லப்பட்ட ஸ்னோர்ரியின் அண்ணன் மகன். தன் சித்தப்பாவைக் கொல்லக் காரணமான அரசரின் புகழை அரசவையில் அமர்ந்து எழுதவேண்டியிருந்தது. சாகா நெடுகிலும் ஹோக்கோன் பொறுமைசாலியாக, பிழையில்லாதவராக வருகிறார். அந்த இடங்களில் எச்சரிக்கையாக இருங்கள். ஆனால் ஸ்டுர்லா அரசாங்கக் கடிதங்களைப் பார்த்து, நேரில் கண்டவர்களைக் கேட்டு, இரண்டே ஆண்டுகளில் எழுதினார். ஆண்டும் நாளும் இங்கிலாந்து ஆவணங்களோடும் கிரகணத்தோடும்கூடப் பொருந்துகின்றன. ஸ்னோர்ரி கொலைக்கு வேறொரு நூலில், ஐஸ்லாந்துக்காரர்களுக்காக, அதே ஸ்டுர்லா முழுச் சாட்சி எழுதிவைத்தார்.

பெர்கன் போனால் என்ன பார்க்கலாம்?

துறைமுக முகப்பில் ஹோக்கோன் மண்டபம் நிற்கிறது. அவர் கட்டிய கல் மண்டபம். 1261இல் மகன் மாக்னுஸுக்கும் டென்மார்க் இளவரசி இங்கெபோர்க்குக்கும் கல்யாண விருந்து இங்கேதான் நடந்தது. 1944 ஏப்ரல் 20 அன்று துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்ததில் கூரை போயிற்று. பிறகு மறுபடி கட்டினார்கள்.

கல்லறையைத் தேடினால் கிடைக்காது. கிர்க்வாலின் புனித மாக்னுஸ் பேராலயத்தில் குளிர்காலம் முழுவதும் வைத்திருந்த உடலை 1264 வசந்தத்தில், கடல் திறந்ததும், பெர்கனுக்குக் கொண்டுவந்து, முடிசூட்டு நடந்த கிறிஸ்து பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1531இல் கோட்டைக்கு இடம் வேண்டி அந்தப் பேராலயத்தை இடித்துவிட்டார்கள். அது நின்ற இடம் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே, புல்வெளியாக இருக்கிறது.